இரண்டாம் ஓலையில் வந்த தடை

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, ரெனிதா தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. மறுமுனையில் அம்பத்தூர் பங்குச் சாமியார், ஃபாதர் இளங்கோ.

"தோத்திரம் ஃபாதர்" என்று உற்சாகமாக ஆரம்பித்த அப்பாவின் குரல் அடுத்த நிமிடமே இறங்கிவிட்டது. "எங்க பொண்ணு ஓலைக்கா? தடையா? யாரு ஃபாதர்?... சரி. வர்றோம்."

போனை வைத்துவிட்டு ஹாலின் நடுவில் நின்றார். ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருஷம் டாங்கி இன்ஜின்களைக் கழற்றிப் பூட்டிய மனிதருக்கு, அந்த நேரத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அம்பத்தூர் கோயில்ல இன்னைக்கு ரெண்டாம் ஓலை வாசிச்சாங்களாம். தடை இருக்குன்னு ஒருத்தர் வந்து சொல்லியிருக்காராம்."

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண்ணின் பங்குக் கோயிலிலும் மாப்பிள்ளையின் பங்குக் கோயிலிலும் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று அறிவிப்பார்கள். பெயர்களைக் கேட்பதற்குத்தான் எல்லோரும் காதைத் தீட்டுவார்கள். தடையைச் சொன்ன ஆளை இந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அப்பவே நெனச்சேன். அவ்ளோ நல்ல பையனுக்கு முப்பத்தொரு வயசு வரைக்கும் கல்யாணம் ஆகாம இருக்குமா? எவளோ ஒருத்தி கைக்குழந்தையோட வந்து நிக்கிறா."

"அம்மா!"

"பின்ன என்ன தடையாம்?"

ரெனிதா அடுப்பை அணைத்துவிட்டு லிபினுக்குப் போன் போட்டாள். அவன் குரலில் பாதி பதற்றம், பாதி சிரிப்பு.

"ரெனி, தடை என் மேல இல்ல. உன் மேல."

"என் மேலயா?"

"பாஸ்கல் அண்ணே குடுத்திருக்காரு. நேரா ஃபாதர் ரூமுக்குப் போய், 'இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டாராம்."

ரெனிதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாஸ்கல் என்ற பெயரைக் கேட்டதுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கைக்குழந்தையே பரவாயில்லை என்று தோன்றியது.

அப்பாவின் ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாது. வீட்டில் இருக்க அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் மின்சார ரயிலில் கிளம்பினார்கள். அன்னனூர், திருமுல்லைவாயில் என்று ரயில் நின்று நின்று போக, ரெனிதா ஜன்னலோரம் உட்கார்ந்து, இதை எப்படி இவர்களுக்குப் புரிய வைப்பது என்று யோசித்தாள்.

போன வருஷம் பல்கலைக்கழகம் ஒரு ஆராய்ச்சி உதவித்தொகை அறிவித்திருந்தது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் அரசியலைப் பற்றி யார் வேண்டுமானாலும் ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்பலாம். மற்றவர்கள் உலக மாநாடுகளைப் பற்றியும் ஒப்பந்தங்களைப் பற்றியும் எழுதினார்கள். ரெனிதா அம்பத்தூர் எஸ்டேட்டை, அந்தத் தொழிற்பேட்டையைப் பற்றி எழுதினாள். வெளிநாட்டுக்கு வண்டி விற்கும் பெரிய கம்பெனியிடம், வண்டி செய்ய எவ்வளவு புகை போனது என்று அந்த நாட்டில் கார்பன் கணக்கு கேட்கிறார்கள். கம்பெனி அந்தக் கேள்வியை, தனக்கு கியர் செய்து தருபவனிடம் தள்ளுகிறது. அவன் அதை, கியரைச் சூடுபடுத்திக் கெட்டியாக்கித் தரும் சின்ன உலைக்காரனிடம், ஃபர்னஸ்காரனிடம் தள்ளுகிறான். கடைசியில் அம்பத்தூர் சந்து ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் ஒருவர் உலகத்தின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பது யார், சொல்வது யார், சொன்னால் யாருக்கு லாபம், யாருக்கு அடி? இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வழிகாட்டிப் பேராசிரியர் ராதிகா மேடம் அதைப் படித்துவிட்டு, "இதுக்குக் கிடைக்கும்" என்றார். கிடைத்தது.

ஆனால் எஸ்டேட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. டீ கிடைத்தது, ஸ்டூல் கிடைத்தது, கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. காரணத்தை முதலில் சொன்னவர் அங்கே ஃபர்னஸ் வைத்திருக்கும் பாஸ்கல்தான்.

"இங்க பாரும்மா. ஒரு கிலோ கியருக்கு நான் எவ்ளோ கரண்ட் எடுக்கறேன்னு சொன்னா, நீ அதை கார்பன்னு எழுதுவே. கம்பெனிக்காரன் அதை என் அடக்க விலைன்னு படிப்பான். அடுத்த மாசமே ரேட்டைக் குறைன்னு வந்து நிப்பான். புகையைப் பத்தி அவனுக்கு இன்னா கவலை? என் பாக்கெட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதுக்கு ஒரு ஜன்னல் கெடச்சிருக்கு, அவ்ளோதான்."

ஆராய்ச்சியின் முதுகெலும்பே அந்தப் பேச்சுதான். பெயர் எங்கேயும் வராது, அந்தக் கரண்ட் எண்ணை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ரெனிதா வாக்குக் கொடுத்தாள். அவர் எண்ணைச் சொன்னார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.

சொல்லாத ஒரே ஆள், பாஸ்கலின் யூனிட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அதே தொழிலைச் செய்த லிபின்.

"வேற என்ன வேணா கேளுங்க" என்றான் முதல் நாள். இரண்டாம் தடவை போனபோது, "கணக்கைத் தவிர" என்றான். மூன்றாம் தடவை அவள் கேட்கவே இல்லை. அவனாகவே தன் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பாதி பிரித்து வைத்தான். நான்காம் தடவை, "கணக்கு குடுக்கறதா இல்லை, ஆனா எங்க வீட்ல வந்து பொண்ணு கேக்கட்டுமான்னு கேக்கறாங்க" என்றான். அன்றைக்கே ரெனிதா ராதிகா மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேடம் சிரித்துவிட்டு, லிபினை ஆய்விலிருந்து நீக்கச் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உன்கிட்ட பேசின ஒவ்வொருத்தருக்கும் இதை நீயே நேர்ல சொல்லணும். கேட்டுட்டு அவங்க விலகிக்கிட்டா, விடணும். பாதிப் பேர் போயிட்டா அம்பத்தூரே போச்சு, வேற ஊர்ல முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உதவித்தொகை அதுவரைக்கும் காத்திருக்காது" என்றார்.

சொல்லத்தான் நினைத்திருந்தாள். கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு என்று பேச்சு இருந்தது. லிபினின் அக்காவுக்கு அப்போது லீவு கிடைக்காது என்றதும் தேதி முன்னால் வந்தது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க முடியாது, அதனால் சாம்பல் புதனுக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்றார்கள். பொங்கல் முடிந்த கையோடு ஓலை ஆரம்பித்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன பாஸ்கல் முதல் ஓலையைக் கேட்கவில்லை. அவர் திரும்பியதும் போய்ச் சொல்லலாம் என்று ரெனிதா இருந்தாள். அவர் சனிக்கிழமை இரவு திரும்பி, ஞாயிறு காலை நேராகப் பூசைக்குப் போய்விட்டார்.

பங்குச் சாமியாரின் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. பாஸ்கல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிறு, மீசையில் கோபம். பக்கத்தில் அவர் மனைவி லூர்தம்மாள், புடவைத் தலைப்பை வாயில் வைத்து எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள். அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஜன்னல் ஓரமாக லிபின் நின்றிருந்தான்.

அம்மா உள்ளே நுழைந்ததும் அறை முழுக்கக் கைக்குழந்தையைத் தேடினாள். இல்லை என்றதும் மூச்சு விட்டாள்.

"உக்காருங்க" என்றார் ஃபாதர். "பாஸ்கல்கிட்ட நான் ஏற்கெனவே விளக்கிட்டேன். தடைன்னா ரத்த உறவு, முன்னாடியே நடந்த கல்யாணம், இந்த மாதிரி விஷயங்க."

"மைக்ல அப்படியா சொன்னீங்க ஃபாதர்?" என்றார் பாஸ்கல். "தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னீங்க. எனக்குத் தெரிஞ்சுது, சொன்னேன். ஃபர்னஸ் கணக்குல வராதுன்னு மைக்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"யாருக்குங்க ஃபர்னஸ்?" என்றாள் அம்மா, திகைத்துப்போய்.

"உங்க பொண்ணு எங்க எல்லாரு கணக்கையும் வாங்கிகினு போயிருக்கு. யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிச்சு. இப்போ பாத்தா, எனக்குத் தொழில் போட்டிக்காரனையே கட்டிக்கப் போவுது. இது தடை இல்லாம இன்னா?"

ரெனிதா எழுந்து நின்றாள்.

"அங்கிள், உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். நீங்க வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அது தப்புதான். ஆனா உங்க எண்ணை நான் யார்கிட்டயும் சொல்லல. இவர்கிட்ட கூட."

"நம்பிட்டேன்" என்றார் பாஸ்கல். அந்த ஒரு வார்த்தை திட்டியதைவிட மோசமாக இருந்தது. "போன வாரம் கம்பெனி பர்ச்சேஸ்காரன் போன் பண்ணான். 'உங்க பக்கத்துல இருக்கற லிபின் உங்களைவிட கார்பன் கம்மியா காட்டறாரு. நீங்களும் குறைங்க, ரேட்டையும் குறைங்க'ன்னான். என் கணக்கு தெரியாம இவன் எப்படி என்னைவிடக் கம்மியா காட்டுவான்? அப்பவே யோசிச்சேன். இன்னிக்கு ஓலையில பேரைக் கேட்டதும் பல்பு எரிஞ்சுது."

அப்பா ரெனிதாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, அதுதான் அவளுக்கு ஆறுதல்.

"அங்கிள்," என்றாள், "நீங்க சொன்னது எல்லாத்தையும் எடுத்துடறேன். அது உங்க உரிமை. பேசினது, எண்ணு, எல்லாம். மத்தவங்களையும் நானே பாத்துச் சொல்றேன். வேணாம்னா அவங்களுதையும் எடுத்துடறேன்."

"எடுத்துட்டா உன் படிப்பு?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"வேற ஊர் பாக்கணும் ஆன்ட்டி. இல்லன்னா விட்டுடணும்."

அம்மாவுக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. இரண்டு வருஷமாக விளக்கு எரியவிட்டுப் படித்த பெண். கல்யாணத்துக்கு வந்த ஆபத்தைவிட இது பெரிய ஆபத்து என்று அம்மாவின் முகத்தில் எழுதியிருந்தது.

ஜன்னல் பக்கத்திலிருந்து லிபின் முன்னால் வந்தான்.

"பாஸ்கல் அண்ணே. நான் கம்பெனிக்குக் கணக்கே குடுக்கல."

"தோடா."

"சத்தியமா. இவ கேட்டே குடுக்கல, அவனுக்கா குடுப்பேன்? அதே பர்ச்சேஸ்காரன் எனக்கும் போன் பண்ணான். 'பாஸ்கல் சார் உங்களைவிடக் கம்மியா காட்டறாரு, வயசானவரே குறைச்சுட்டாரு, உங்களுக்கென்ன?'ன்னான். நான் ரெண்டு நாள் தூங்கல."

"கதை வுடாத."

லிபின் ரெனிதாவைப் பார்த்தான். பிறகு ஃபாதரைப் பார்த்தான். பிறகு, அவள் கணக்கு கேட்டு வந்த முதல் நாளிலிருந்து எலுமிச்சைச் சாதம், டீ, ரயில்வே ஸ்டேஷன் நடை எல்லாவற்றுக்கும் நடுவில் பூட்டி வைத்திருந்ததைத் திறந்தான்.

"கிலோவுக்கு ஒன்னரை யூனிட் கரண்டுக்கு மேல போவுது அண்ணே எனக்கு. ரெண்டைத் தொடுது. கரண்ட் கட்டாகி திரும்பச் சூடேத்தற நாள்ல ரெண்டையும் தாண்டுது. இதுதான் என் கணக்கு. இவளுக்கே இப்பதான் தெரியும். இப்ப உங்க கையில இருக்கு. என் ரேட்டை உடைக்கணும்னா நாளைக்கே உடைச்சுடலாம் நீங்க."

ரெனிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக் கணக்காகத் தன் தொழிலுக்கு வேலியாக வைத்திருந்த எண்ணை, அவள் சொன்ன சொல் நிற்பதற்காக ஒருவன் எதிராளியின் மடியில் போட்டுவிட்டு நிற்கிறான். நிச்சயதார்த்தத்தன்று அவன் மோதிரம் போட்டபோதுகூட அவளுக்கு இப்படி நெஞ்சு நிறையவில்லை.

பாஸ்கலின் கைகட்டு அவிழ்ந்தது. முகத்தில் கோபம் போய், வேறு ஏதோ வந்தது. நிஜமான அதிர்ச்சி. தொழில்காரனின் அதிர்ச்சி.

"ரெண்டா?" என்றார். "ரெண்டு யூனிட்டா? இன்னா நைனா, கதவைத் தொறந்து வெச்சுகினு ஃபர்னஸ் ஓட்றியா? உள்ள செங்கல் எல்லாம் விரிசல் உட்டிருக்கும், பாத்தியா? எனக்கெல்லாம் ஒண்ணேகாலைத் தாண்டினா நான் சோறு துன்ன மாட்டேன்!"

சொன்ன பிறகு அவர் வாய் அப்படியே நின்றது.

லூர்தம்மாள் புடவைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். அடக்கிக்கொண்டிருந்தது சிரிப்புதான் என்று இப்போது தெரிந்தது.

"சொல்லிட்டியாய்யா?" என்றாள். "அந்தப் பொண்ணு ஒரு வருஷமா வாயைக் கட்டி வெச்சிருந்துது. நீ சாமி எதிர்ல மூணு நிமிசத்துல ஒடைச்சுட்ட."

முதலில் சிரித்தவர் ஃபாதர். அப்புறம் அப்பா. அம்மா யாருடைய எண் என்ன என்று புரியாமலே சிரித்தாள். பாஸ்கல் மட்டும் சிரிக்கவில்லை. மீசையைத் தடவியபடி யோசித்தார்.

"இரு. இரு. நீ கணக்கு குடுக்கல. நானும் குடுக்கல. அப்போ உன்னைவிட நான் கம்மி, என்னைவிட நீ கம்மின்னு அவன் ரெண்டு பேருக்கும்..."

"ஆமாண்ணே."

"எஸ்டேட்ல எல்லாருக்கும் இதே மாதிரி போன் பண்ணியிருப்பானா?"

"ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட சொல்ல மாட்டோம்னு அவனுக்குத் தெரியும்ல."

பாஸ்கல் நாற்காலியின் கையில் ஓங்கித் தட்டினார். "அடப்பாவி. கரிக்கணக்குன்னு சொல்லி நம்மளை ஒருத்தனை ஒருத்தன் மேல மோத வுட்டுகினு கீறான்!" பிறகு ரெனிதாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதானே நீ தேடிகினு இருந்தே? பேனா எங்க? எழுதிக்கோ!"

ரெனிதா தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் இருந்தது, உதட்டில் சிரிப்பு.

"இதை எழுதக் கூடாது அங்கிள். இங்க நான் ஆராய்ச்சி பண்ண வரல. தடை வந்த கல்யாணப் பொண்ணா வந்திருக்கேன்."

"அப்படியெல்லாம் வேற கீதா?" பாஸ்கல் அவளைச் சற்று நேரம் பார்த்தார். கண்ணெதிரே கொட்டிக் கிடப்பதை அள்ளாமல் நிற்கிற பெண்ணை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை போலும். அவர் எழுந்து, ஃபாதரின் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

"தடையை வாபஸ் வாங்கிக்கறேன் ஃபாதர். அதுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுக்கணுமா?"

"ஒண்ணும் வேணாம். ரெண்டு பரலோக மந்திரம் சொல்லிட்டுப் போங்க."

"மூணா சொல்றேன். பர்ச்சேஸ்காரனுக்கும் சேத்து."

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலைக்கு, ரெனிதா தன் பங்குக் கோயிலை விட்டுவிட்டு அம்பத்தூர் கோயிலுக்கே வந்திருந்தாள். தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்று ஃபாதர் வாசித்தபோது, கோயிலே ஒட்டுமொத்தமாகத் திரும்பிப் பாஸ்கலைப் பார்த்தது. அவர் இருமினார். லூர்தம்மாள் அவர் தொடையில் கிள்ளியதை இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ரெனிதாவே பார்த்தாள்.

அந்த வாரம் ஃபர்னஸ்காரர்கள் எல்லோரும் எஸ்டேட் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். பாஸ்கல் நினைத்தது சரிதான். எல்லோருக்கும் அதே போன் வந்திருந்தது, எல்லோரும் பக்கத்து யூனிட்டைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒருவரையொருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள். பிறகு சத்தம் போட்டார்கள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்பெனி இனி தனித்தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே சராசரி, சங்கத்தின் பெயரில் போகும். சராசரியைக் குறைக்க என்ன வழி என்று சேர்ந்தே பார்ப்பது. லிபினின் ஃபர்னஸுக்குச் செங்கல் மாற்றுவதைப் பாஸ்கலே வந்து நின்று பார்ப்பது.

கூட்டம் முடிந்த பிறகு பாஸ்கல் வெளியே வந்து ரெனிதாவைக் கூப்பிட்டார். அவள் உள்ளே போய், எல்லோர் முன்பும் நின்று, தான் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதைத் தன் வாயால் சொன்னாள். வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ளலாம், மனத்தாங்கல் கிடையாது என்றாள்.

"தெரியாதா? ஓலையிலயே கேட்டுட்டோம்" என்றது ஒரு குரல்.

இரண்டு பேர் விலகினார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். ராதிகா மேடத்துக்கு அது போதும். விலகிய இருவருக்கும் ரெனிதா நன்றி சொன்னபோது, அவர்களில் ஒருவர் சங்கடப்பட்டு, கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்தார்.

"இப்போ கூட்டத்துல நடந்ததை நாங்களே சொல்றோம், நீ எழுதிக்கோ. இப்போ நீ ஆராய்ச்சிதானே?" என்றார் பாஸ்கல். "ஆனா ஒரு கண்டிஷன். உன் மாப்பிள்ளை வெளிய நிக்கணும்."

லிபின் எழுந்தான். எல்லோரும் கேலி செய்து சிரிக்க, அவன் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

ரெனிதா வெளியே வரும்போது எஸ்டேட் ரோட்டில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம் போய்க்கொண்டிருந்தது. லிபின் வாசலில் பைக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு கிளாஸ் டீயை இரண்டு கையிலும் பிடித்தபடி காத்திருந்தான். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. எப்போது வருவாள் என்று தெரியாமல் முன்னாலேயே வாங்கிவிட்டான். இரண்டுமே ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

"பாஸ்கல் அண்ணே என்ன சொன்னாரு?"

"சொல்லக் கூடாது."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்பவும்."

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். ரெனிதா ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு, ஆறின டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.